எலியைச் சாட்சிக்கு அழைத்தவர்

ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிப் புறப்படும் நம் தொழிலாளி, கப்பலில் போனாலும் விமானத்தில் போனாலும், அதற்கு முன்னால் கிண்டி கிங் நிலையம் போன்ற ஓரிடத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. கையில் ஒரு ஊசி போடுகிறார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கிறார்கள். அதைத் தொலைத்துவிட்டு, அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பி வந்தால், ஊருக்குள் விடாமல் ஆறு நாள் வரை தனியே அடைத்து வைக்கவும் சட்டம் இருக்கிறது. ஏன் இத்தனை கெடுபிடி? மஞ்சள் காய்ச்சல் என்னும் கொடிய நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. டெங்குவைக் கொண்டு வருகிறதே, அதே கொசுதான். நெருப்பு ஒன்றுதான் குறை. வைக்கோல் போர் தயாராக இருக்கிறது.

அந்த ஊசியில் இருக்கும் மருந்தை உலகுக்குத் தந்தவர் பெயரை வரிசையில் நிற்பவர்கள் அறியார். ஊசி போடுபவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ, அதுவும் ஐயமே. அவர் பெயர் மாக்ஸ் தெய்லர். அவரைப் பற்றிச் சில செய்திகளைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் காய்ச்சல் வேறு, நம் ஊர் மஞ்சள் காமாலை வேறு. இந்தக் காய்ச்சலில் ஈரல் கெட்டு உடல் மஞ்சள் பூத்துப் போகிறது. முற்றினால் கறுப்பு கறுப்பாக வாந்தி வருகிறது. அந்த நிலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் வரை மடிகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்களிலேயே இந்த நோயும் அமெரிக்கக் கண்டம் வந்து சேர்ந்தது. மனிதனை விலைக்கு விற்ற பாவத்தின் சம்பளம் என்று சொன்னால் பொருந்தும். ஆனால் அந்தச் சம்பளத்தை வாங்கியவர்களோ பெரும்பாலும் விற்றவர்கள் அல்லர்.

பனாமாக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். 1881-ல் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று வெட்டத் தொடங்கியது. 1889-ல் திவாலாகிக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் மஞ்சள் காய்ச்சலாலும் மலேரியாவாலும் செத்தவர்கள் இருபதாயிரத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். பின்னர் அமெரிக்கர்கள் வந்தார்கள். கொசுதான் காரணம் என்று கியூபா டாக்டர் கார்லோஸ் பின்லே 1881-லேயே சொல்லியிருந்தார். இருபது ஆண்டுகள் அவரை யாரும் சட்டை செய்யவில்லை. 1900-ல் வால்டர் ரீட் என்னும் அமெரிக்க இராணுவ டாக்டர் அதை நிரூபித்துக் காட்டினார். எப்படி நிரூபித்தார்? கியூபாவுக்குக் கப்பலில் வந்திறங்கிய ஏழை ஸ்பானியர்களுக்கு ஆளுக்கு நூறு டாலர் தங்கம் கொடுத்து, கொசுவைக் கடிக்க விட்டுத்தான்! நோய் வந்தால் மேலும் நூறு டாலர். அதன்பின் கொசுவை ஒழித்துக் கால்வாயை 1914-ல் வெட்டி முடித்தார்கள். அப்போதும் 5,609 பேர் இறந்ததாக அவர்கள் கணக்கே சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கருப்பினத் தொழிலாளர். வெள்ளை அமெரிக்கனுக்குத் தங்கக் காசில் சம்பளம், கருப்பனுக்கு வெள்ளிக் காசில் சம்பளம் என்று இரண்டு பட்டியல் வைத்திருந்த இடம் அது.

கொசு பிடிபட்டது. கொசு எதைச் சுமந்து வருகிறது என்பது பிடிபடவில்லை. இங்கேதான் தெய்லர் வருகிறார்.

மாக்ஸ் தெய்லர் 1899 ஜனவரி 30-ந் தேதி தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் பிறந்தார். தந்தை அர்னால்டு தெய்லர் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கால்நடை டாக்டர். வந்த புதிதில் வைத்தியத்தில் வருமானம் இல்லாமல் பண்ணையில் வேலைக்குப் போனார். இயந்திரத்தில் இடது கை சிக்கி, கையை இழந்தார். ஒற்றைக் கையோடு, 1893-ல் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே பெரியம்மை பரவியபோது, அம்மைப் பால் தயாரித்துக் கொடுத்துத்தான் பெயர் பெற்றார். பின்னாளில் பிரிட்டிஷ் மன்னர் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார் என்பது வேறு கதை. பிள்ளை பார்த்து வளர்ந்தது அந்த ஒற்றைக் கையின் உழைப்பை.

மகன் கேப்டவுனில் படித்தார். பிறகு லண்டனுக்குப் போனார். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயின்றார். வெப்ப மண்டல நோய்களுக்கான பள்ளியிலும் சேர்ந்து படித்தார். 1922-ல் வைத்தியம் பார்க்க உரிமை தரும் சான்றிதழ்களைப் பெற்றார். அதோடு சரி. எம்.டி. என்றோ பி.எச்.டி. என்றோ பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பல்கலைக்கழகப் பட்டம் எதையும் அவர் படித்து வாங்கவில்லை. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டத்தைப் பார்த்துப் பல்லக்குத் தூக்கும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் போகவில்லை.

1922-லேயே அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் செல்லார்ட்ஸ் என்பவரின் கீழ் வேலைக்கு அமர்ந்தார். அந்த நாட்களில் மஞ்சள் காய்ச்சலுக்குக் கிருமி கண்டுபிடித்தாகிவிட்டது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்ததாகச் சொன்னவர் சாமானியர் அல்லர். நோகுச்சி என்னும் ஜப்பானிய அறிஞர். ஏழைக் குடியில் பிறந்து, சிறு வயதில் தீயில் கை வெந்து, அதையும் மீறி நியூயார்க்கில் உலகப் புகழ் பெற்றவர். லெப்டோஸ்பைரா என்னும் சுருள் கிருமிதான் காரணம் என்றார் அவர். அதை வைத்துத் தடுப்பு மருந்தும் தயாராகிப் பல நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. செல்லார்ட்ஸும் இளைஞர் தெய்லரும் 1926-ல் அந்தக் கிருமியைப் பரிசோதித்துப் பார்த்து, இது எலியின் சிறுநீரால் பரவும் வேறொரு காமாலை நோயின் கிருமியே, மஞ்சள் காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதினார்கள். நோய் இன்னதென்று தவறாகத் தீர்மானித்தால், மருந்தும் தவறாகத்தானே போகும்? தவறான மருந்தைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பிப் போனவன் கதி என்ன? பெரிய பெயருக்கு முன்னால் வாயடைத்து நிற்காமல் இந்தக் கேள்விக்கு விடை தேடியது, தெய்லர் செய்த முதல் நல்ல காரியம்.

அடுத்த ஆண்டு, 1927-ல், உண்மையான எதிரி அகப்பட்டது. ராக்பெல்லர் ஸ்தாபனம் அனுப்பிய டாக்டர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் முகாமிட்டிருந்தார்கள். ராக்பெல்லர் என்றால் யார் என்று தொழிலாளித் தோழருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் விற்று மலையாகக் குவித்த பணம். அந்தப் பணம் எப்படி வந்தது என்ற வழக்கை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். அது போன வழிகளில் இது நல்ல வழி. இன்று கானா என்று பெயர் பெற்றுச் சுதந்திர நாடாகத் திகழும் பூமி அன்று கோல்டு கோஸ்ட் என்னும் பிரிட்டிஷ் காலனி. அங்கே அசிபி என்னும் 28 வயது ஆப்பிரிக்கர் காய்ச்சலில் படுத்தார். அவர் உடலிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். ஒரு ரீசஸ் குரங்குக்கு அதைச் செலுத்தினார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகள் இந்த நோய்க்கு அசைந்து கொடுப்பதில்லை. ரீசஸ் என்பது ஆசியக் குரங்கு. நம் வடநாட்டுக் கோயில்களில் கூட்டம் கூட்டமாகத் திரிவது. அந்தக் குரங்கு நோய் கண்டு செத்தது. எந்த வடிகட்டியிலும் நிற்காமல் ஊடுருவிச் செல்லும் வைரஸே நோய்க்குக் காரணம் என்பது உறுதியாயிற்று.

உறுதி செய்தவர்கள் கொடுத்த விலை பெரிது. ஆராய்ச்சியில் முன்நின்ற ஏட்ரியன் ஸ்டோக்ஸ் 1927 செப்டம்பரில் அதே காய்ச்சலில் இறந்தார். தம் கொள்கையைத் தாமே சோதித்துப் பார்ப்பேன் என்று ஆப்பிரிக்கா போன நோகுச்சி, 1928 மே மாதம் அக்ராவில் மஞ்சள் காய்ச்சலாலேயே மாண்டார். அவருக்குத் துணை நின்ற யங் என்னும் டாக்டரும் சில நாட்களில் பின்தொடர்ந்தார். நோகுச்சி சொன்னது பிழை; ஆனால் பிழையைத் தேடிப் போய் உயிரைக் கொடுத்தவரை ஏளனம் செய்ய நமக்கு மனம் வரவில்லை.

அசிபி? அவர் பிழைத்துக்கொண்டார்.

இப்போது ஒரு நடைமுறைத் தொல்லை. வைரஸைக் கண்ணால் பார்க்க முடியாது. அன்றைய பூதக்கண்ணாடிக்குள் அது அகப்படாது. ஒருவனுக்கு வந்தது மஞ்சள் காய்ச்சலா, வேறு காய்ச்சலா என்று தெரிய வேண்டுமானால் குரங்கைக் கேட்க வேண்டும். குரங்கோ கடல் கடந்து வர வேண்டும், விலை அதிகம், கடிக்கும், பராமரிக்க ஆள் வேண்டும். ஒரு கிராமத்துக்கு நூறு குரங்கு வேண்டுமென்றால் எந்தக் காலனி அரசாங்கம் வாங்கித் தரும்? கூலிக்காரனுக்கு வந்த காய்ச்சல் என்னவென்று அறிய அரசாங்கம் குரங்கு வாங்கியதாக வரலாறு உண்டா?

தெய்லர் எலியைப் பிடித்தார். ஆராய்ச்சிக்கூடத்து வெள்ளெலி. சல்லி விலை. கூண்டுக்குள் குட்டி போட்டுப் பெருகும். எலிக்கு மஞ்சள் காய்ச்சல் வராது என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். தோலுக்குள் ஊசி போட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தெய்லர் நேரே மூளைக்குள் செலுத்தினார். எலிகள் செத்தன. ஆனால் ஈரல் கெட்டுச் சாகவில்லை. மூளை வீங்கிச் செத்தன. இது மஞ்சள் காய்ச்சலே அல்ல என்று பெரியவர்கள் தலையசைத்தார்கள். தெய்லர் எலியின் மூளையிலிருந்து எடுத்ததைக் குரங்குக்குச் செலுத்திக் காட்டினார். குரங்குக்கு மஞ்சள் காய்ச்சல் வந்தது. 1930-ல் இதை வெளியிட்டார்.

அதற்கு முந்திய ஆண்டே அந்த வைரஸ் அவரையும் ஒரு கை பார்த்துவிட்டது. 1929-ல், ஆராய்ச்சிக்கூடத்திலேயே, அவருக்கு மஞ்சள் காய்ச்சல் கண்டது. நல்ல வேளையாக இலேசாக வந்து போயிற்று. அதன்பின் அந்த நோய் அவரை அணுக வழியில்லை. பின்னாளில் கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்ட தடுப்பூசி, அதைச் செய்தவருக்குத் தேவைப்படாமல் போனது இப்படித்தான்.

நோய் கண்டு பிழைத்தவன் இரத்தத்தில் அந்த நோயை எதிர்க்கும் பொருள் ஆயுள் முழுதும் தங்கிவிடுகிறது. அவன் இரத்தத்தைத் தெளியவைத்தால் மேலே நிற்கும் நீரைச் சீரம் என்கிறார்கள். அந்தச் சீரத்தில் கொஞ்சம் எடுத்து வைரஸோடு கலந்து எலிக்குச் செலுத்தினால், எதிர்ப்பொருள் வைரஸை அடக்கிவிடும், எலி பிழைக்கும். எதிர்ப்பொருள் இல்லாதவன் சீரமானால் எலி சாகும். எலி பிழைத்ததா, இந்த மனிதனுக்கு எப்போதோ மஞ்சள் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. எலி செத்ததா, வரவில்லை. அவ்வளவுதான் சோதனை. எலிப் பாதுகாப்புச் சோதனை என்று பெயர். 1930-ல் தெய்லர் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே சாயர், லாயிட் என்னும் இருவர் 1931-ல் இதை இன்னும் செம்மைப்படுத்தினார்கள்.

தடுப்பூசிக்குத்தான் உலகம் தெய்லரைப் புகழ்கிறது. இந்த எலிச் சோதனைக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்பது நமது கருத்து. எண்ணிப் பாருங்கள். டாக்டரே எட்டிப் பார்க்காத ஊர். பிறப்பு இறப்புக் கணக்கே இல்லாத காடு. அங்கே எந்தக் காய்ச்சலில் யார் செத்தார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. செத்தவன் பேச மாட்டான். பிழைத்தவன் இரத்தம் பேசியது! ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய்ச் சிறு குழாய்களில் இரத்தம் சேகரித்தார்கள். எலிகள் தீர்ப்புச் சொல்லின. நோயே இல்லை என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்திருந்த இடங்களிலும் அது சுற்றித் திரிந்திருப்பது வெளியாயிற்று. ஆப்பிரிக்காவில் நோயின் வரைபடத்தையே திருத்தி எழுத நேர்ந்தது. பிரேசிலில், நகரத்துக் கொசு இல்லாத காட்டோரத்திலும் மஞ்சள் காய்ச்சல் இருப்பதை 1930-களில் சோப்பர் என்பவரும் அவருடைய தோழர்களும் கண்டார்கள். காட்டுக் குரங்கிடமிருந்து காட்டுக் கொசு வாங்கி, மரம் வெட்டப் போகும் கூலிக்குக் கொடுக்கிறது. நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்துவிட்டால் நோய் ஒழிந்தது என்று எண்ணியிருந்தவர்களின் கனவு கலைந்தது. காட்டுக்குள் போகிறவனுக்கு ஊசி ஒன்றே வழி.

அந்த ஊசி எப்படி வந்தது? எலி மூளையில் திரும்பத் திரும்ப வளர்ந்த வைரஸ், குரங்கின் ஈரலைக் கெடுக்கும் வலிமையை இழந்து வருவதைத் தெய்லர் முன்பே பார்த்திருந்தார். ஆனால் மூளையைத் தாக்கும் குணம் அதற்கு ஏறிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த எலிமூளை வைரஸையே தங்கள் ஆப்பிரிக்கக் காலனிகளில் தடுப்பு மருந்தாகப் பயன்படுத்தினார்கள். நோயைத் தடுத்தது, சிலருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, மூளைக் காய்ச்சலையும் தந்தது. தெய்லர் வேறு பாதையில் போனார். அசிபியின் இரத்தத்திலிருந்து வந்த அந்த வைரஸை எடுத்து, குடுவைக்குள், உயிருள்ள திசுத் துணுக்குகளில் வளர்த்தார். முதலில் எலிக் கருவின் திசுவில் 18 முறை. பிறகு கோழிக் கருவின் திசுவில் 58 முறை. அதன்பின் மூளையும் தண்டுவடமும் நீக்கிய கோழிக் கருவில். சில நாளுக்கு ஒரு தடவை ஒரு குடுவையிலிருந்து மறு குடுவைக்கு மாற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் இதே வேலை. ஆலைத் தறியில் நிற்கும் தோழருக்குத் தெரியும், ஒரே வேலையை ஒரே கவனத்தோடு நாள்தோறும் செய்வது எப்படிப்பட்டது என்று. 89-வது மாற்றத்துக்கும் 114-வது மாற்றத்துக்கும் இடையில் எங்கோ அந்த வைரஸ் குணம் மாறிவிட்டது. குரங்கைக் கொல்லவில்லை; மூளையில் இட்டாலும் பெரும்பாலும் கொல்லவில்லை; ஆனால் எதிர்ப்பைக் கொடுத்தது. 17டி என்று அதற்குப் பெயர். அதே வழியில் மறுபடி முயன்றபோது அந்த மாற்றம் கிட்டவில்லை. அந்த ஒரு தடவை வந்ததுதான் வந்தது. 1937-ல் தெய்லரும் ஹியூ ஸ்மித்தும் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஆண்டே பிரேசிலில் போடத் தொடங்கினார்கள். 1938-ல் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். 1940 முதல் 1947 வரை ராக்பெல்லர் ஸ்தாபனம் செய்து கொடுத்தது 2 கோடியே 80 லட்சம் ஊசிக்கு மேல்.

இந்தக் கதையில் ஒரு கறை உண்டு. அதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. மருந்தில் வைரஸ் சாகாமல் இருக்க மனிதச் சீரம் கொஞ்சம் சேர்த்து வந்தார்கள். அப்படித் தயாரித்த மருந்தைப் போட்டபின் சிலருக்குக் காமாலை வருகிறது என்று 1937-லேயே இங்கிலாந்தில் பின்ட்லே, மக்காலம் என்னும் இருவர் எழுதியிருந்தார்கள். பிரேசிலிலும் அது கண்டது. அங்கே சீரத்தை நிறுத்திவிட்டார்கள். நியூயார்க்கில் நிறுத்தவில்லை. முடிவு செய்யும் அதிகாரம் ஸ்தாபனத்தின் சுகாதாரப் பிரிவுத் தலைவரான சாயரிடம் இருந்தது. யுத்தம் வந்தது. அமெரிக்கச் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் ஊசி போட்டார்கள். 1942-ல் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் காமாலையில் படுத்தார்கள். 62 பேர் இறந்தார்கள். சீரம் கொடுத்தவர்கள் சிலரின் இரத்தத்தில் இருந்த ஹெபடைடிஸ் பி என்னும் வேறு வைரஸ், ஊசி வழியாகப் புகுந்துவிட்டது. அதன் தொற்று மொத்தம் 3 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு ஏறியிருக்கும் என்று 1987-ல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்கிறது. எச்சரிக்கை வந்தும் கேளாமல் இருந்ததன் விலையை மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் கொடுக்கவில்லை. வரிசையில் நின்ற சிப்பாய் கொடுத்தான். அதன்பிறகே சீரம் நின்றது. தெய்லரின் 17டி வைரஸ் மீது குற்றம் இல்லை. ஆனாலும் அவர் வேலை செய்த கூடத்திலிருந்து போன மருந்துதான் அது.

1951-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மாக்ஸ் தெய்லருக்கு, அவர் ஒருவருக்கே, அளிக்கப்பட்டது. ஒரு வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி கண்டதற்காக நோபல் பரிசு போனது அதுவே முதல் தடவை. பணத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்களிடம், ஒரு பெட்டி விஸ்கி வாங்கி வைத்துக்கொண்டு பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போவதாகச் சொன்னார் என்பார்கள். மதுவை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பரிசு கிடைத்தவுடன் உலகுக்கு உபதேசம் செய்யக் கிளம்பாத மனிதர் என்பது இதில் தெரிகிறது.

அதன்பின் அவர் கொசுவும் உண்ணியும் பரப்பும் மற்ற வைரஸ்களின் பக்கம் திரும்பினார். ராக்பெல்லர் ஸ்தாபனம் அந்த வேலைக்காகப் பல நாடுகளில் கூடங்கள் அமைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து 1952-ல் பூனாவில் நிறுவியது அவற்றில் ஒன்று. மைசூர் ராஜ்யத்துக் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் செத்து விழுந்து, விறகு பொறுக்கப் போனவர்கள் காய்ச்சலில் படுத்தபோது, ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல்தான் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று அஞ்சினார்கள். அல்ல, உண்ணி பரப்பும் புதிய வைரஸ் என்று கண்டுபிடித்துச் சொன்னது பூனாக் கூடம். மனிதர் இரத்தத்தை எலிக்குச் செலுத்தி எலியைக் கேட்கும் முறை அப்போது உலகெங்கும் வைரஸ் கூடங்களின் அன்றாட வேலையாகியிருந்தது.

1964-ல் தெய்லர் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பட்டம் வாங்காதவர், பட்டம் கொடுக்கும் இடத்தில்! 1967-ல் ஓய்வு பெற்றார். 1972 ஆகஸ்டு 11-ந் தேதி நியூ ஹேவனில் காலமானார்.

அவர் போன பின்னும் 17டி போகவில்லை. 2016-ல் அங்கோலாவிலும் காங்கோவிலும் மஞ்சள் காய்ச்சல் கிளம்பியபோது உலகத்துக் கையிருப்பு மருந்து போதவில்லை. கின்ஷாசா நகரத்தில் ஒரு ஊசியை ஐந்து பங்காக்கி, ஆளுக்கு ஒரு பங்கு வீதம், எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டுச் சமாளித்தார்கள். கின்ஷாசாவில் போட்டதும், கிண்டியில் போடுவதும், 1927-ல் அந்த 28 வயது ஆப்பிரிக்கரின் உடம்பிலிருந்து எடுத்த வைரஸின் வழித்தோன்றல்தான். ஆராய்ச்சிக்கூடங்களில் மூல வைரஸ் இருக்கும் குப்பிகளின் மீது தெய்லர் பெயர் எழுதுவதில்லை, ராக்பெல்லர் பெயரும் எழுதுவதில்லை. அசிபி என்றே எழுதுகிறார்கள்.